தனபால் கவலைப்படாத நாள்

மின்வாரியப் பிரிவு அலுவலகப் பொறுப்பை முதன்முறையாக ஏற்கப்போகும் உங்களிடம் டிரான்ஸ்பார்மரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். கம்பத்தில் ஏறுகிற மனிதரின் முகத்தைப் படிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித்தரவில்லை. தப்பாகப் படித்து, அவமானப்பட்டு, பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

டிப்ளமா முடித்துக் கீழ்நிலையில் சேர்ந்து, மெல்ல மேலே வந்தவள் நான். மொத்தம் முப்பத்தொரு வருட வேலை. அதில் கடைசிப் பதினோரு வருடம் ஊரப்பாக்கத்தை ஒட்டிய ஒரு பிரிவுக்கு உதவிப் பொறியாளராக இருந்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் எங்கள் பிரிவிலிருந்து காலையில் வேலைக்குப் போன ஒவ்வொருவரும் மாலையில் வீடு திரும்பினார்கள். எந்தக் கூச்சமும் இல்லாமல் இதைப் பெருமையாகச் சொல்வேன். மற்றவர்கள் இதை அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்குத் தெரியும், அதற்குப் பெயர் தனபால்.

தனபால் எங்களிடம் வயர்மேனாக வந்தபோது முப்பது வயது இருக்கும். கோவளத்துக்காரர். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா கரையில் மீன் விற்பவர். அந்தக் குடும்பத்தில் படகில் கால் வைக்காமல் கம்பத்தில் கால் வைத்த முதல் ஆள் அவர்தான். நெடுநெடுவென்று உயரம். சாவு வீட்டிலிருந்து நேராக வந்தவர் போல ஒரு முகம். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் மட்டும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பழைய மீட்டர்கள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போய்விடுவார். எந்த வேலையைக் கொடுத்தாலும் முதலில் அதில் என்னென்ன கெடுதல் நடக்கலாம் என்றுதான் சொல்வார்.

"மேடம், அந்தக் கம்பம் அடியில துருப்புடிச்சிக்கீது. ஏறினா சாஞ்சிடும்."

"மேடம், அந்தத் தெருவுல புதுசா கல்யாண மண்டபம் வந்துகீது. ஜெனரேட்டர் வச்சிருப்பான். நாம நிறுத்தின லைன்ல அவன் கரண்டு திரும்பி வந்துச்சின்னா?"

போர்மேன் பாஸ்கர் இதற்கு நேர் எதிர். அவர் சிரித்தால் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "டேய், உன்னக் கூட்டிகினு போனா வேலைக்குப் போற மாதிரியே இல்லடா, கருமாதிக்குப் போற மாதிரி கீது" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். தனபாலும் உதட்டை லேசாக இழுத்துக்கொள்வார். அது சிரிப்பா, வலியா என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

என் முதல் தப்பு, அவரைச் சந்தோஷப்படுத்துவது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டது.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒருவர் எப்போதும் வாடிய முகத்தோடு இருந்தால் ஒரு பெரிய குறை இருக்க வேண்டும், அதை நாம்தான் போக்க வேண்டும் என்று தோன்றும் இல்லையா? "கொஞ்சம் சிரிங்க தனபால்" என்பேன். அரட்டை அடிக்கிற ஆட்களோடு சேர்த்துவிடுவேன். பதிவேட்டைப் புரட்டி அவருடைய பிறந்தநாளைக் கண்டுபிடித்தேன். அவருக்குத் தெரியாமல் கேக் வாங்கிவரச் சொன்னேன். புகார் கொடுக்க வந்த பொதுமக்கள் வரிசையில் நிற்க, பத்துப் பன்னிரண்டு பேர் கைதட்டிப் பாட, பாஸ்கர் கேக்கை எடுத்து அவர் முகம் முழுக்க அப்பிவிட்டார். யாரோ தலையில் நுரையை அடித்தார்கள். தனபால் அசையாமல் நின்றார். "தேங்க்ஸ் மேடம்" என்றார். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, அன்றைக்கு இருந்த எல்லாப் புகாரையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லது செய்தால் இப்படியா என்று விளக்கம் கேட்டுக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். அதைக் கொடுப்பதற்கு முன்னால் ஆளை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடம்பாக்கத்தில் இருந்த என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கோவளத்துக்குப் போனேன். கரையில் மீன் விற்பனை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தனபாலின் வீட்டைக் கேட்டதும் ஒரு பெண் கையாலேயே வழி காட்டினார். தனபால் வீட்டில் இல்லை, அண்ணனுக்கு வலை பிரிக்கப் போயிருந்தார். அவர் மனைவி மேகலா தையல் மெஷினை விட்டு எழுந்துவந்து எனக்கு நாற்காலி போட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா கஷ்டம்? கடனா, உடம்புக்கு முடியலையா, உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?" என்று கேட்டேன்.

மேகலா சொன்னார்: "ஒரு கஷ்டமும் இல்ல மேடம். அவரு சுபாவமே அதான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்னு எங்க அத்தை சொல்லும். நானும் கட்டிக்கினு வந்த புதுசுல எதுனா சொல்லிச் சிரிக்க வைக்கலாம்னு பார்த்தேன். சிரிப்பாரு. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஓய்ஞ்சிபோயிடுவாரு. எனக்காக சிரிச்சிருக்காருன்னு அப்புறந்தான் புரிஞ்சிது."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"இன்னா செய்வேன்? சாயந்திரத்துல கடலப் பார்த்துகினு உக்காந்திருப்பாரு. நானும் பக்கத்துல உக்காந்து பூ கட்டுவேன். ஒண்ணும் பேசமாட்டோம். இருட்டினா எழுந்து வந்துடுவோம். அது போதும் மேடம் அவருக்கு." பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அவரு சோகமா இல்ல மேடம். நீங்க எல்லாரும் அவர சோகம் சோகம்னு சொல்றீங்களே, அதுலதான் சோர்ந்துபோறாரு."

நான் பையில் வைத்திருந்த கடிதத்தை வெளியே எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை தனபால் வந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. உங்களக் கேக்காம செஞ்சிருக்கக் கூடாது" என்றேன்.

"பரவால்ல மேடம். நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றவர் கதவு வரை போய்த் திரும்பினார். "கேக்கு நல்லாத்தான் இருந்திச்சு."

மன்னிப்புக் கேட்பதால் அதிகாரியின் மரியாதை குறைந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்குப் பிறகுதான் தனபால் என்னிடம் உண்மையைப் பேச ஆரம்பித்தார். அந்த உண்மை ஒரு நாள் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது.

அது ஒரு பெருமழை வருடம். ஏரி நிரம்பித் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பாதுகாப்புக்காக நாங்களே மின்சாரத்தை நிறுத்தியிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் வடிந்தது. நான்கு தெருக்களுக்குக் கரண்டு கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் அருகே நான் போய்ச் சேர்ந்தபோது நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மூன்று நாளாக மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அவர்கள் கோபத்தில் ஒரு தப்பும் கிடையாது. ஒருவர் என் கையையே பிடித்துக்கொண்டார். "எங்கம்மாவுக்கு மூச்சுத்திணறல் மேடம். மிஷின் வச்சாத்தான் மூச்சு விடுவாங்க. கரண்டு போடுங்க மேடம், கால்ல விழறேன்."

பாஸ்கர் தெருக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "நாலு தெருவும் காஞ்சிடுச்சு மேடம். போட்டுடலாம்."

நான் தலையாட்டப் போனேன். பின்னால் நின்ற தனபால், எனக்கு மட்டும் கேட்கும்படி, "மேடம், கடைசித் தெருவுல மூணு வூடு ரோட்ட விடப் பள்ளம்" என்றார். "ரோடு போட்டுப் போட்டு ஏத்திட்டாங்க. ரோட்டுல தண்ணி இல்லன்னா வூட்டுக்குள்ள இல்லன்னு சொல்ல முடியாது."

"அந்த மூணு வூடும் பூட்டிகினு போயிட்டாங்கப்பா. நானே பார்த்தேன், முந்தாநாள் போட்ல ஏத்தி அனுப்பினாங்க" என்றார் பாஸ்கர்.

"போனவங்க திரும்பி வந்திருந்தா? தண்ணி வடிஞ்சிடுச்சின்னு கேட்டா ஜனங்க வூட்டப் பார்க்க ஓடியாருவாங்கண்ணா. நானா இருந்தா வந்திருப்பேன்."

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "இன்னா மேடம் குசுகுசுன்னு பேசிகினு கீறீங்க? நீங்க போடலன்னா நாங்களே போட்டுக்குவோம்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த மாதிரி நேரத்தில் மனசு எந்தப் பக்கம் சாயும் தெரியுமா? தைரியமாகப் பேசுகிறவர் பக்கம்தான். பாஸ்கர் முழங்குகிற குரலில் 'போட்டுடலாம்' என்கிறார். தனபால் முணுமுணுப்பாக 'ஒருவேளை' என்கிறார். ஒரு பக்கம் மூச்சுத் திணறுகிற அம்மா, இன்னொரு பக்கம் ஆள் இருக்கிறார்களோ இல்லையோ என்றே தெரியாத மூன்று வீடு. தனபால் எப்போதும் இப்படித்தான் சொல்வார் என்று ஒதுக்கித் தள்ளுவது எனக்கு ரொம்பச் சுலபம். ஆனால் அதுவரை அவர் சொன்ன பயங்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். துருப்பிடித்த கம்பம் உண்மையிலேயே துருப்பிடித்திருந்தது. மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்மையிலேயே இருந்தது. அவர் ஒன்றுமில்லாததற்குப் பயந்ததாக எனக்கு ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லை.

தெருக்களுக்குப் போகும் ஃபியூஸ்களைக் கழற்றச் சொல்லி வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாராலும் அவசரப்பட்டு எதையும் போட முடியாது. அந்த அம்மாவையும் மகனையும் எங்கள் ஜீப்பிலேயே ஏற்றி, ஜெனரேட்டர் ஓடுகிற பக்கத்து கிளினிக்குக்கு அனுப்பினேன். பாஸ்கரையும் தனபாலையும் கடைசித் தெருவுக்கு ஓடச் சொன்னேன். கூட்டம் என்னைத் திட்டியது. சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. டிரான்ஸ்பார்மர் வேலிக்கு முதுகைக் காட்டி, கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருபது நிமிடம் கழித்து இருவரும் திரும்பினார்கள். அவர்களுக்கு நடுவில் முழங்கால்வரை நனைந்த ஒரு பெண்ணும், ஏழெட்டு வயதுச் சிறுமியும். அன்று விடியற்காலையில்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். பின்வாசல் வழியாக உள்ளே போனதால் முன்கதவில் பூட்டு அப்படியே தொங்கியிருக்கிறது. சமையலறையில் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் மொண்டு கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கீழ் வரிசை பிளக் பாயின்ட்கள் தண்ணீருக்குள். மெயின் சுவிட்ச் போட்டபடி.

கூட்டம் அந்தச் சிறுமியைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. கத்தியவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று வீட்டு இணைப்பையும் கம்பத்திலேயே துண்டித்துவிட்டு மற்றவர்களுக்குக் கரண்டு கொடுத்தோம். பாஸ்கர், கிளினிக்கிலிருந்து திரும்பியிருந்த ஜீப்பின் மேல் சாய்ந்து நின்று பீடி பற்றவைக்கப் பார்த்தார். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது.

நான் தனபாலிடம், "ரெண்டு உயிரைக் காப்பாத்திட்டீங்க தனபால்" என்றேன். அவர் முகம் இன்னும் வாடியது. "இன்னும் கரண்டு போடாத பக்கத்துத் தெருவுலயும் ரெண்டு வூடு பள்ளம் மேடம். அத நேத்தே பார்த்து வச்சிருக்கணும். யாருன்னா உள்ள இருந்தா?"

இந்த நேரத்திலாவது சந்தோஷப்படக் கூடாதா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "வாங்க, அந்த ரெண்டு வீட்டையும் இப்பவே போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றேன். இருவரும் போய்ப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. அவர் மூச்சு சீரானது எனக்கே தெரிந்தது. இத்தகைய மனிதர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி பெரும்பாலும் இவ்வளவுதான். கவலைப்படாதே என்று சொல்வதற்குப் பதில் அந்தக் கவலை காட்டும் இடம்வரை கூடவே போய்ப் பார்த்துவிட்டு வருவது.

அந்த வாரத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. நானாகக் கொண்டுவந்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஆரம்பித்தது பாஸ்கர். காலையில் வேலை பிரித்துக் கொடுத்ததும் அவர் தனபாலைப் பார்த்து, "இன்னாப்பா, இன்னிக்கு இன்னா கெடுதல் கீது?" என்று கேட்பார். முன்பு போலக் கிண்டல் கிடையாது. நிஜமாகவே கேட்பார். தனபால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடுதலைச் சொல்வார். அதற்கு என்ன மாற்று என்று எல்லோரும் சேர்ந்து யோசிப்பார்கள். ஐந்து நிமிட வேலை. வேறு பிரிவில் அடிபட்டவர்கள், கருகினவர்கள் பற்றிய செய்திகள் வரும். எங்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. தனபால் அறைக்குள் தனியாகச் சாப்பிடுவதை யாரும் கேள்வி கேட்கவில்லை. சில நாள் பாஸ்கரே தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போய், வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வருவார். பாஸ்கர் வாயை மூடிக்கொண்டு கால் மணி நேரம் இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு தனபாலின் அம்மா இறந்துபோனார். காரியம் முடித்து அவர் வேலைக்குத் திரும்பினார். முகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்படித் தெரியும்?

ஒரு நாள் காலை பாஸ்கர் வழக்கம்போலக் கேட்டார். தனபால், "ஒண்ணும் இல்லண்ணா, போலாம்" என்றார். மறுநாளும் அதே பதில். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. எல்லோருக்கும் நிம்மதி. "தனபால் தேறிட்டான் மேடம். இப்ப புலம்புறதே இல்ல" என்று பாஸ்கர் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். இது என் இரண்டாவது தப்பு, முதல் தப்பைவிடப் பெரியது.

பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு காலை. தேர்வு மையமாக இருந்த பள்ளிக்குப் போகும் லைனில் கம்பி அறுந்துவிட்டது. தேர்வு தொடங்க முக்கால் மணி நேரம். தலைமையாசிரியர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தடியில் நின்றோம். நிறுத்திய கம்பியில் யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது கரண்டு திரும்பி வந்தால் அதை மண்ணில் இறக்கிவிட எர்த் ராடு என்று ஒரு கம்பியை மாட்டுவோம். அதை மாட்டாமல் யாரும் கையை வைக்கக் கூடாது. நான் போன் பேசிவிட்டுத் திரும்பினால், தனபால் பாதிக் கம்பம் ஏறிவிட்டார். எர்த் ராடு வண்டியிலேயே கிடக்கிறது. கையில் உறை இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை. எர்த் ராடு மாட்டுவதற்குள் எங்களையே நாலு தடவை கேள்வி கேட்கிற தனபால்.

"தனபால், இறங்குங்க" என்று கத்தினேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாத பார்வை. "ஒண்ணும் ஆவாது மேடம்" என்றார். ஒரு நொடி விட்டு, "ஆனாத்தான் இன்னா இப்ப?" என்றார்.

அவரிடமிருந்து நான் கேட்டதிலேயே பயங்கரமான வார்த்தை அதுதான்.

குரலை இறக்கிக்கொண்டேன். "இறங்கி வாங்க தனபால். எனக்கு உங்ககிட்ட பேசணும்." மெதுவாக இறங்கி வந்தார். பாஸ்கர் எர்த் ராடை மாட்டி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். ஐம்பத்தைந்து வயதில்.

தனபாலை ஜீப்பில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியது என்னவென்று தெரியும், கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயம். பிறகு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார், நேராகக் கேட்பதால் யாரும் அந்த முடிவுக்குப் போவதில்லை, கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பாரத்தை இறக்கும் என்று. அன்றைக்கு அது தெரியாமலே கேட்டேன்.

"தனபால், உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?"

உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாவணும்னு இல்ல மேடம். இருக்கணும்னும் தோணல."

"எத்தன நாளா?"

"தெரியல. அம்மா போனதுக்கப்புறம். தூக்கம் வரல. சோறு எறங்கல. முன்னெல்லாம் எதப் பார்த்தாலும் பயம் வரும் மேடம். இப்ப அதுவும் வரல."

"மேகலாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம பார்த்துக்கினேன்."

உங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறதே, அதை நினைத்துப் பார்த்தீர்களா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் நினைத்திருக்க மாட்டாரா? அதையும் ஒரு குற்றமாக்கி அவர் தலையில் ஏன் வைக்க வேண்டும்? "என்கிட்ட சொன்னீங்களே, அது போதும். இனிமே இதை நீங்க ஒத்தையா சுமக்க வேண்டாம்" என்றேன். மேகலாவுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். கம்பியைச் சேர்த்தாயிற்று என்று பாஸ்கர் மேலிருந்து கையைக் காட்டியபோது நாங்கள் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

வழியில் மேலதிகாரியிடம் போனில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "பாதுகாப்பு விதியை மீறியிருக்கார். உடனே மெமோ கொடுங்கம்மா" என்றார். "அவர் உடம்பு சரியில்லாதவர் சார். இந்த நிமிஷத்துலேர்ந்து அவரைக் கம்ப வேலையிலேர்ந்து எடுத்துட்டேன். மெமோவ அடுத்த மாசமும் கொடுக்கலாம். அதை வாங்கிக்க அவர் இருக்கணும் சார்" என்றேன். "சரி, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். அந்த மெமோவைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை. அவரும் நல்ல மனிதர்தான்.

மனநலப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர். என்ன மாற்றம் கவனித்தீர்கள் என்று மேகலாவிடம் கேட்டார். மேகலா அழுதுகொண்டே சொன்ன பதிலை நான் இன்றும் மறக்கவில்லை. "கவலப்படுறத நிறுத்திட்டாரு டாக்டர். பொண்ணு ரோட்டக் கடக்கும்போதுகூட கையப் புடிக்கல."

அந்த டாக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். "இவர் இயல்பாவே கொஞ்சம் வாட்டமா, யோசனையா இருக்கிறவர். அதுக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்ல. இப்ப வந்திருக்கிறது வேற. இது நோய். இதுக்கு மருந்து இருக்கு, குணமாகும்." சுபாவத்தை நோய் என்று நினைத்துக் கேக் வாங்கினேன். நோய் வந்தபோது சுபாவம் மாறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டுமே நான் செய்ததுதான். உங்களிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது?

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் மருந்து ஒத்துக்கொள்ளாமல் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் வேலையையே விட்டுவிடுகிறேன் என்றார். இரண்டு மாத விடுப்புக்குப் பிறகு வந்தபோது, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஆறு மாதம் கீழேயே வேலை கொடுத்தேன். ஒருவன் அவர் காதுபட "மென்டல் கேஸ்" என்று சொன்னான். நான் எழுவதற்குள் பாஸ்கர் எழுந்துவிட்டார். "போன வருஷம் உனக்கு டெங்கு வந்திச்சே, உன்னக் கொசு கேஸ்னு கூப்ட்டமாடா?" அத்தோடு அந்தப் பேச்சு ஒழிந்தது.

தனபால் திரும்பிவிட்டார் என்று எனக்கு எப்போது நிச்சயமானது தெரியுமா? விடுப்பிலிருந்து வந்து நாலாம் மாதம் ஒரு காலையில், பாஸ்கர் கேட்காமலே, "அண்ணா, அந்த ஏணி மூணாவது படி ஆடுது. எவன்னா விழப்போறான்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏதோ ஃபைலைத் தேடுவது போல மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

எனக்கு மேடையில் சால்வை போட்டிருக்கிறார்கள். சிறந்த பிரிவு என்று பாராட்டியும் இருக்கிறார்கள். ஆனால் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடத்தில் ஒரு காலை நடந்ததைத்தான் என் வேலைக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். வேலை பிரித்துக் கொடுத்தாயிற்று. பாஸ்கர் கேட்டார், "இன்னாப்பா தனபால், இன்னிக்கு இன்னா கெடுதல்?"

தனபால் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அத்தனை பேருக்கும் கேட்கும் குரலில், அவரிடமிருந்து நாங்கள் கேட்டறியாத உரத்த குரலில், சொன்னார்.

"இன்னிக்கு என்னக் கேக்காதீங்கண்ணா. மூணு நாளா எனக்கு எதுக்குமே பயம் வரல. தூக்கமும் இல்ல. நான் மேல ஏறக் கூடாது. டாக்டரப் பார்க்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. முன்பு "மென்டல்" என்று சொன்னவன்தான் முதலில் நகர்ந்துவந்து, தனபால் கையிலிருந்த ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் வாங்கி ஆணியில் மாட்டினான். பாஸ்கர் பைக் சாவியை எடுத்துக்கொண்டார்.

"வா, ரெண்டு பேரும் போலாம். வழியில இட்லி சாப்ட்டுட்டுப் போலாம், நான் வாயத் திறக்க மாட்டேன்."

தனபால் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இருவரும் கிளம்பிப் போனார்கள்.

அன்றைக்குச் செய்ய வேண்டிய மூன்று கம்ப வேலை அப்படியே நின்றது. மறுநாள் செய்துகொண்டோம்.